நகல் 1911: வைத்திருப்பவர் அறிய வேண்டியவை

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் 400, 500 டாலருக்கு ஒரு பிஸ்டல் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் பார்த்த அதே உருவம்: ஐந்து அங்குலக் குழல், மங்கிய சாம்பல் நிறம், ஏழு தோட்டா கொள்ளும் மேகசின். ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டலின் நகல் இது. காப்புரிமைக் காலம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால், எந்தத் துப்பாக்கி நிறுவனமும் இதைச் செய்து விற்கலாம்.

அசல் ஏன் கிடைப்பதில்லை? கிடைக்கிறது, ஆனால் சேகரிப்பாளர் விலையில். 1985இல் பெரெட்டா எம்9 வந்தபின் ராணுவம் 1911ஐப் படிப்படியாகக் கைவிட்டது. கிடங்கில் மிஞ்சியவற்றில் ஒரு பகுதியை 2018 முதல் ‘சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்’ என்ற அமைப்பு பொதுமக்களுக்கு விற்கிறது. எண்ணிக்கை குறைவு, விண்ணப்பித்தவர்களோ மிக அதிகம்; தொடக்கத்தில் குலுக்கல் முறையில்தான் முறை வந்தது. அப்படிக் கிடைத்த பிஸ்டலை வாராவாரம் சுட்டுத் தேய்க்க யாருக்கும் மனம் வராது. நகலுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

நகல்களில் பெரும்பங்கு இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. பிலிப்பைன்ஸின் மரிக்கினா நகரில் ஆர்ம்ஸ்கோர் நிறுவனம் ‘ராக் ஐலண்ட் ஆர்மரி’ என்ற பெயரில் செய்கிறது. துருக்கியின் கருங்கடல் கரையிலுள்ள டிராப்சோனில் டிசாஸ் நிறுவனம் செய்கிறது. இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளை எதிர்கொண்ட அமெரிக்க வீரர்கள் தங்கள் .38 ரிவால்வர் போதவில்லை என்று முறையிட்டார்கள். 1904இல் நடந்த தாம்சன்–லகார்ட் சோதனைகள் .45க்குக் குறையாத தோட்டா வேண்டும் என்று பரிந்துரைத்தன. அங்கிருந்து பிறந்த பிஸ்டலை இன்று பிலிப்பைன்ஸ் செய்து அமெரிக்கர்களுக்கு விற்கிறது.

நகலின் பெரிய வசதி உதிரிப் பாகங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, இதை முதலில் செய்த கோல்ட் நிறுவனத்தால் மட்டும் தேவையை ஈடுகட்ட முடியவில்லை. தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ரேண்ட், ரயில் சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், நம் வீடுகளுக்குத் தையல் மெஷினால் அறிமுகமான சிங்கர் ஆகியவையும் இதைச் செய்தன. சிங்கர் செய்தவை 500 மட்டுமே. அவைதான் இன்று சேகரிப்பாளர்கள் விரட்டித் தேடும் பொருள். ஒருவர் செய்த பாகம் இன்னொருவர் பிஸ்டலில் பொருந்த வேண்டும் என்று ராணுவம் அளவுகளை வகுத்திருந்தது. நகல்களும் பெரும்பாலும் அந்த அளவுகளையே பின்பற்றுகின்றன. ஆனால் ‘பெரும்பாலும்’ என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்பிரிங், கைப்பிடித் தகடு, மேகசின் போன்றவை வாங்கியதும் பொருந்தும். குழல், பாதுகாப்பு விசை, சுட்ட உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் போன்றவற்றை அரம் பிடித்து இழைத்துத்தான் பொருத்த வேண்டியிருக்கும். அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

விலை குறைவதற்குக் காரணங்கள் உண்டு. ஆர்ம்ஸ்கோர் தன் பிரேமை வார்ப்பில் எடுக்கிறது. அசல் பிரேம் எஃகை அடித்து உருவாக்கப்பட்டது. சிறு பாகங்களை உலோகத்தூளை அச்சில் செலுத்திச் சூளையில் இறுக்கிச் செய்யும் முறையும் பரவலாக உண்டு. நன்றாகச் செய்தால் இரண்டுமே உழைக்கும். கையால் இழைத்துப் பொருத்தும் நேரம்தான் உண்மையில் மிச்சப்படுத்தப்படுகிறது. அதனால் புதுப் பிஸ்டல் முதல் இருநூறு, முந்நூறு தோட்டா வரை கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம். அந்தக் காலத்தில் எண்ணெயைத் தாராளமாக விட்டு, 230 கிரெயின் எடையுள்ள, முழு உறையிட்ட உருண்டைமுனைத் தோட்டாக்களை மட்டும் போடுவது நல்லது. இந்த வடிவம் அந்தத் தோட்டாவை மனத்தில் வைத்தே உருவானது. குழிமுனைத் தோட்டா எல்லா நகலிலும் சீராக ஏறும் என்று சொல்ல முடியாது.

சுத்தம் செய்யும் முன் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும். பிரிக்கும்போது குழல்முனைக்குக் கீழுள்ள மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே புஷ்ஷிங்கைத் திருப்ப வேண்டும். பிடி நழுவினால் ஸ்பிரிங் மூடியை எகிறவிடும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. திரும்பப் பூட்டும்போது ஸ்லைடு ஸ்டாப்பைத் தேய்த்து ஏற்றினால் பிரேமில் வளைவான கீறல் விழும். கொஞ்சம் மேலே தூக்கி நேராக அழுத்தினால் விழாது.

குழலைச் சுத்தம் செய்தபின் எண்ணெய் இட வேண்டிய இடங்கள் சிலவே: ஸ்லைடும் பிரேமும் உரசும் தடங்கள், குழலின் முன்முனை, குழல் மேலேறிப் பூட்டிக்கொள்ளும் பற்கள், குழலடியிலுள்ள இணைப்பு. மங்கலான பாஸ்பேட் மேற்பூச்சு எண்ணெயைப் பிடித்து வைக்கும்; எண்ணெய் இல்லாமல் அது மட்டும் துருவைத் தடுக்காது. தோலுறையில் வைத்து மாதக்கணக்கில் விட்டால் ஈரம் ஏறித் துரு பிடிக்கும். வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. கரியோடு ஈயமும் ஒட்டியிருக்கும்.

அடுத்தது தேய்ந்து தீரும் பொருள்கள். ஐந்து அங்குல .45க்கு வழக்கமான ரீகாயில் ஸ்பிரிங் 16 பவுண்டு. அதை 2000 முதல் 3000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான கணக்கு. தளர்ந்த ஸ்பிரிங்கோடு சுட்டால் ஸ்லைடு பிரேமில் வேகமாக மோதும். சில டாலர் ஸ்பிரிங்கை மிச்சம்பிடித்துப் பிரேமை அடிவாங்க விடுவது நஷ்டக் கணக்கு. ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றும்போதே ஃபயரிங் பின் ஸ்பிரிங்கையும் மாற்றிவிடலாம். கோல்ட் 1983இல் கொண்டுவந்த ‘சீரிஸ் 80’ ஃபயரிங் பின் பூட்டு இல்லாத நகல்களில், கீழே விழும்போது ஃபயரிங் பின் முன்னோடாமல் தடுப்பது அந்தச் சிறு ஸ்பிரிங்தான்.

தோட்டா சிக்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மேகசின். மேலுதடு கொஞ்சம் விரிந்தாலே தோட்டா கோணலாக ஏறும். மேகசின்களுக்கு எண் போட்டு வைத்தால், எது தொல்லை தருகிறது என்று சீக்கிரம் தெரியும். அதை வேறாக ஒதுக்கிவிடலாம். மேகசின் நன்றாக இருந்தும் சிக்கினால் எக்ஸ்ட்ராக்டரைப் பார்க்க வேண்டும். இதில் அது தன் வளைவையே ஸ்பிரிங்காகக் கொண்ட ஒற்றை எஃகுத் துண்டு. தோட்டாவை நேரே அறைக்குள் போட்டு ஸ்லைடை அறைந்து மூடும் பழக்கம் அதைத் தளர்த்திவிடும். எப்போதும் மேகசின் வழியாகவே ஏற்ற வேண்டும். காலி அறையின்மீது ஸ்லைடை விட்டடிப்பதும் ட்ரிக்கர் பாகங்களின் கூர்முனைகளைக் கெடுக்கும்.

சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் உரிமம் பெற்ற வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பின்னணிச் சோதனையும் உண்டு. மாநில விதிகள் வேறுபடும். கலிபோர்னியாவில் கடையில் புதிதாக விற்க அனுமதிக்கப்பட்ட மாதிரிகளுக்குத் தனிப் பட்டியலே இருக்கிறது. கூடவே தரும் பூட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடாமல் பயன்படுத்த வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரும்புப் பெட்டகம் இல்லாமல் வாங்கவே கூடாது.

ஒவ்வொரு முறை பூட்டியபின்னும், காலிப் பிஸ்டலைப் பாதுகாப்பான திசையில் பிடித்து ஹாமரை ஏற்றி இரண்டு சோதனை செய்ய வேண்டும். பாதுகாப்பு விசையைப் போட்டு ட்ரிக்கரை அழுத்தி விட்டு, பிறகு விசையை விடுவித்தால் ஹாமர் அசையக் கூடாது. கைப்பிடியின் பின்விசையை அழுத்தாமல் ட்ரிக்கரை இழுத்தால் ஹாமர் விழக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும், அல்லது ஸ்லைடு மூடும்போது ஹாமர் கூடவே இறங்கினாலும், அந்தப் பிஸ்டலில் தோட்டா போடாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். இணையத்தில் காணொளி பார்த்து அரம் எடுக்கும் இடம் அதுவல்ல.