மாதிரி விமானத்திற்கு மின்சார மோட்டார்

மாதிரி ஆகாய விமானத்தை மின்சாரத்தினால் பறக்கச் செய்வது புதிய எண்ணமன்று. 1957ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் ‘ரேடியோ குவீன்’ என்னும் மாதிரி விமானத்தை மின்மோட்டாரைக் கொண்டு பறக்கவிட்டார். வெள்ளி-துத்தநாக பாட்டரி அதற்குச் சக்தி அளித்தது. அக்காலத்தில் பாட்டரியின் எடையே பெருந்தடையாக இருந்தது. இலேசான லித்தியம் பாலிமர் பாட்டரியும், கரித்தூரிகை இல்லாத மோட்டாரும் வந்த பின்னர் அத்தடை நீங்கியது. ஆகவே, சிறு எஞ்சினால் ஓடும் பழைய விமானத்தை மின்சாரத்திற்கு மாற்றுவது இன்று பள்ளி விஞ்ஞானக் கழகங்களுக்கும் எட்டக்கூடிய வேலையாகும்.

முதலில் செய்ய வேண்டியது எடைக் கணக்கு. சாதாரணமாகப் பறப்பதற்குக் கிலோகிராம் ஒன்றுக்கு 150 முதல் 200 வாட் வரை சக்தி போதும். முழு எடை 800 கிராம் எனில், 120 முதல் 160 வாட் தேவை. மூன்று கலங்கள் கொண்ட பாட்டரியின் அழுத்தம் 11.1 வோல்ட், எனவே 160 வாட்டிற்கு ஏறத்தாழ 14 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 20 ஆம்பியர் தாங்கக்கூடியதாக இருத்தல் நலம். 1,300 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரியில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் செலவிட்டால், முழு வேகத்தில் சுமார் நான்கரை நிமிடம் பறக்கலாம். மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒன்பது நிமிடம் கிடைக்கும்.

எஞ்சினைக் கழற்றிய பின், மரத்தில் ஊறிய எண்ணெயை நன்கு துடைத்தெடுக்க வேண்டும். இல்லையேல் பசை பிடிக்காது. எஞ்சினும் எண்ணெய்த் தொட்டியும் நீங்கியதால் மூக்கின் எடை மாறியிருக்கும். சிறகின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கிற்கும் மூன்றில் ஒரு பங்கிற்கும் இடையே விமானத்தின் எடை மையம் அமைய வேண்டும். 18 சென்டிமீட்டர் அகலச் சிறகில் இது 4.5 முதல் 6 சென்டிமீட்டர் வரையாகும். பாட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி இதைச் சரிசெய்யலாம்.

சுக்கானையும் வாலின் ஏற்ற இறக்கத் தகட்டையும் இயக்குபவை ஸர்வோ மோட்டார்கள். ரிசீவர் அனுப்பும் மின் துடிப்பு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரை நீளும்; ஒன்றரைப் பங்கு நீண்டால் தகடு நடுநிலையில் நிற்கும். ரேடியோ தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாகவே நிற்குமாறு முன்கூட்டியே அமைத்தல் அவசியம். மேசைமீது சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும்.

லித்தியம் பாட்டரியை அலட்சியமாகக் கையாளலாகாது. ஒவ்வொரு கலத்தையும் 4.2 வோல்ட்டிற்கு மேல் ஏற்றுதலும் 3 வோல்ட்டிற்குக் கீழே இறக்குதலும் தீங்கு தரும். உப்பிய அல்லது அடிபட்ட பாட்டரி தீப்பற்றக்கூடும். அதை மீண்டும் பயன்படுத்தலாகாது. சார்ஜ் ஏறும்போது அருகில் ஒருவர் இருக்க வேண்டும். கொச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். ஆதலால் அவற்றை அடிக்கடி சோதித்தல் நன்று.

எங்கே பறக்கவிடுவது என்பது இறுதிக் கேள்வியாயினும் முதன்மையானது. கொச்சியின் மட்டாஞ்சேரி இதற்குத் தக்க உதாரணம். நெருங்கிய சந்துகளும் மிளகு, இஞ்சிக் கிடங்குகளும் நிறைந்த அவ்வூருக்குக் கிழக்கே, நீர்ப்பரப்பிற்கு அப்பால் வில்லிங்டன் தீவு உள்ளது. 1953ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் தொடங்கப்பெற்ற கடற்படையின் முதல் விமான நிலையமான ஐ.என்.எஸ். கருடா அங்கேதான் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, சிவப்பு, மஞ்சள் மண்டலங்களில் முன் அனுமதியின்றி ஆளில்லா விமானத்தைப் பறக்கவிடலாகாது. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலம் கிடையாது. எடை 250 கிராமுக்குக் குறைந்திருப்பினும் இதற்கு விலக்கில்லை. தாழப் பறந்து வரும் கடற்படை ஹெலிகாப்டருக்கு ஒரு சிறு விளையாட்டு விமானமும் ஆபத்தாகலாம்.

எனவே அத்தகைய ஊர்ப் பள்ளிகள் மாற்ற வேலையையும் தரைச் சோதனையையும் உள்ளூரிலேயே செய்யலாம். விமானத்தின் வாலைச் சுருள்வில் தராசில் கட்டி, மோட்டாரின் இழுவிசையை அளப்பது மாணவர்க்கு நல்ல பௌதிகப் பாடம். மாணவர்கள் புரொப்பெல்லருக்குப் பின்புறம் விலகி நிற்க வேண்டும். பறக்கவிடும் நாளில் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, பச்சை மண்டலத்திலுள்ள திறந்த வெளியை நாடிச் செல்லலாம். அங்கு விமானம் 400 அடி உயரத்தைத் தாண்டாமலும் கண்பார்வைக்கு அப்பால் செல்லாமலும் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பாகும்.