ஜீப்பின் டீசல் டாங்கைப் பெரிதாக்கலாமா?



கிராம மருத்துவ முகாம்களுக்குச் செல்லும் நமது ஜீப்புக்குப் பெரிய டீசல் டாங்க் பொருத்த உதவுகிறோம் என்று உங்களில் சிலர் முன்வந்தீர்கள். அந்தக் காணிக்கையை அதற்குச் செலவிடாமல் வேறு வழிக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு எழுதியிருந்தோம். காரணத்தை விரிவாகச் சொல்லுவது எங்கள் கடமை.

யோசனை நியாயமானதே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, நமது புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊடாகவும் சென்றது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கங்களில் தென்னையும் பலாவும் வேரோடு விழுந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. மின்சாரமும் ஜெனரேட்டரும் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க்கில் எண்ணெய் இருந்தும் பயனில்லை. நமது வண்டியின் டாங்க் ஏறக்குறைய 60 லிட்டர். இன்னொரு 60 லிட்டர் இருந்தால் எத்தனை கிராமங்களைச் சுற்றிவரலாம்!

ஆனால் பட்டறைக்காரர் தகடு வெட்டிப் பற்றவைத்துத் தரும் டாங்க் வெறும் பாத்திரமல்ல. இக்காலத்து டீசல் எஞ்சின் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், மயிரிழை போன்ற துளைகள் வழியே எண்ணெயைத் தெளிக்கிறது. பற்றவைத்த இடத்தின் பொடி, துரு, தேங்கிய நீர், இவற்றில் சிறிது வடிகட்டியைத் தாண்டினாலும் தெளிப்பு கெட்டுவிடும். தெளிப்பு கெட்டால் எண்ணெய் சரியாக எரியாது. எரியாதது கரும்புகையாக வரும். எஞ்சினைத் தொடாமல் டாங்கை மட்டும் மாற்றினோம் என்று சொன்னாலும், புகை பரிசோதனையில் வண்டி தோற்க அதுவே காரணமாகிவிடலாம்.

இடமும் ஒரு பிரச்சினை. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறையில் உள்ளன. டீசலில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. நமது ஜீப்பில் யூரியாக் கரைசலுக்கென்று தனிச் சிறு டாங்கும் உண்டு. கரிவடிகட்டி தனக்குள் சேர்ந்த கரியை அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும்; அப்போது அதன் வெப்பம் 600 டிகிரி அளவுக்குப் போகும். அதற்கு அருகில் டீசல் நிறைந்த தகரப் பெட்டியைத் தொங்கவிட எந்த ஓட்டுநரும் விரும்பமாட்டார். கீழே எஞ்சியிருக்கும் இடம் அவ்வளவுதான்.

பெட்ரோல் வண்டியானால் கதை வேறு. பெட்ரோல் நிற்கும்போதே ஆவியாகும். வண்டி ஓடாமல் வெயிலில் கிடந்தாலும் டாங்கிலிருந்து ஆவி எழும். அதைப் பிடித்துவைக்க ஒரு கரித்தூள் டப்பா இருக்கும், அசல் டாங்கின் அளவுக்குக் கணக்கிட்டு. டாங்கைப் பெரிதாக்கினால் டப்பா போதாமல் ஆவி வெளியே கசியும். ஆகவே டாங்கும் மாசு விதிக்குள் அடங்கியதே. டீசல் அவ்வளவாக ஆவியாகாது என்பதால் அந்தக் கவலை நமக்கு இல்லை.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எரிவாயுவுக்கு மாற்றுவதற்கு வழி உண்டு. அதுவும் அங்கீகரிக்கப்பட்ட உபகரணத்தால் மட்டுமே. 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆஸ்திரேலியாவில் பாலைவனப் பயணத்துக்குப் பெரிய டாங்க் வைத்த வண்டிகள் சாதாரணம் என்று ஒரு சகோதரர் எழுதினார். உண்மைதான், அங்கே அதற்கென்றே தயாரித்துச் சந்தையில் விற்கிறார்கள். நம் பட்டறையில் அடிப்பதை அதோடு ஒப்பிட முடியாது. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு விபத்தின்பின் காப்பீட்டு நிறுவனம் கேட்கப்போகும் கேள்விகளும் எங்கள் நினைவில் இருக்கின்றன.

அந்தப் பணம் வளாகத்திலேயே டீசல் சேமிக்கப் பயன்பட்டது. பெட்ரோலியச் சட்டம் 1934-ன்படி, எந்தக் கலனும் 1,000 லிட்டருக்கு மேற்படாமல் மொத்தம் 2,500 லிட்டர் வரை டீசலை உரிமம் இன்றி வைத்திருக்கலாம். (பெட்ரோலுக்கு 30 லிட்டர்தான்!) நாங்கள் 200 லிட்டர் பீப்பாய்கள் இரண்டை வார்டுகளுக்குத் தூரமாக, நிழலில், பூட்டிய கொட்டகையில் வைத்திருக்கிறோம். கையால் சுற்றும் பம்பும், நீரைப் பிரிக்கும் வடிகட்டியும் வாங்கினோம். மின்சாரம் இல்லாதபோதும் ஜீப்புக்கும் ஜெனரேட்டருக்கும் ஊற்றிக்கொள்ளலாம். வெயிலில் எண்ணெய் விரியும் என்பதால் பீப்பாயை விளிம்புவரை நிரப்புவதில்லை. பழையதை முதலில் செலவழித்துப் புதியதை நிரப்புகிறோம். நெடுநாள் கிடந்த டீசலில் நீர் சேர்ந்தால் பாசி போன்ற கசடு பிடித்துவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஜீப்பின் முள் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே முழுவதும் நிரப்புவது ஓட்டுநரின் பொறுப்பு. பீப்பாய்க் கணக்கை ஸ்டோர் பொறுப்பாளர் சனிதோறும் நோட்டில் எழுதுகிறார். இதுவரையான செலவுக்கான ரசீதுகள் அலுவலகத்தில் உள்ளன. மருத்துவமனைக்கு வரும்போது கேட்டுப் பார்க்கலாம்.