எழில் நிரல்மொழி: புதிதாகக் கற்பவர்களின் கேள்விகள்

எழில் என்பது தமிழ்ச் சொற்களைக் கொண்டு நிரல் எழுத உதவும் கணினி நிரல்மொழி ஆகும். இதை உருவாக்கியவர் அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்து அண்ணாமலை. இம்மொழியை அறிமுகப்படுத்தும் அவரது ஆய்வுக் கட்டுரை 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுத்தாளர் என். சொக்கனும் அவரும் சேர்ந்து எழுதிய ‘தமிழில் நிரல் எழுது’ என்னும் பாடநூல் 2013இல் வந்தது. எழில் ஒரு கட்டற்ற மென்பொருள். யாரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். இதன் உட்பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்டுள்ளது.

எழிலைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. ஆகவே இதைக் கற்கலாமா, கற்றால் என்ன பயன் என்ற ஐயம் மாணவர்களுக்கு எழுவது இயல்பு. அவர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இக்கட்டுரை விடை கூறுகிறது.

பாடநூலே தமிழில் இருக்கும்போது எழில் எதற்கு?

தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் 11ஆம் வகுப்பில் சி++ மொழியையும் 12ஆம் வகுப்பில் பைத்தானையும் படிக்கின்றனர். தமிழ் வழிப் பாடநூலில் விளக்கம் தமிழில் இருக்கும். ஆனால் நிரல் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ராஜபாளையத்திலிருந்து 11ஆம் வகுப்பு மாணவி ஒருவர் மாலை நேரத்தில் பாடம் கேட்க வருவார். சி++ நிரல் ஒன்றை ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதிக் காட்டினார். அதில் இருந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றி, இப்போது என்ன விடை வரும் என்று கேட்டேன். “சார், இது புத்தகத்தில் இல்லையே” என்றார். அவர் கணக்கில் கெட்டிக்காரர். நிரலை மட்டும் செய்யுள் போல மனப்பாடம் செய்திருந்தார்.

நிரல் கற்பவர் இரண்டு சுமைகளைத் தூக்குகிறார். ஒன்று, வேலையைப் படிப்படியாகப் பிரித்துச் சிந்திப்பது. மற்றொன்று, பழக்கமில்லாத ஆங்கிலச் சொற்களையும் குறிகளையும் நினைவில் வைப்பது. இரண்டாவது சுமையைச் சிறிது காலம் இறக்கி வைக்க எழில் உதவுகிறது.

எழில் நிரல் எப்படி இருக்கும்?

பால்கோவாக் கடைக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ 400 ரூபாய். 1000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் துணிப்பை இலவசம் என்று வைத்துக்கொள்வோம்.

விலை = 400
எடை = 3
தொகை = விலை * எடை
பதிப்பி தொகை
@( தொகை > 1000 ) ஆனால்
  பதிப்பி "பை இலவசம்"
இல்லை
  பதிப்பி "பை கிடையாது"
முடி

இந்நிரல் 1200 என்றும், ‘பை இலவசம்’ என்றும் திரையில் காட்டும். எடையை 2 என்று மாற்றினால் என்ன வரும் என்பதை ஓடவிடும் முன்பே தாளில் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

‘ஆனால்’, ‘வரை’ என்பவற்றின் பொருள் என்ன?

தொடக்கத்தில் பலர் ‘ஆனால்’ என்பதை மறுத்துச் சொல்லும் இணைப்புச் சொல்லாகப் படித்துக் குழம்புவார்கள். இங்கே அது ‘மணி ஐந்து ஆனால் கடையைப் பூட்டு’ என்பதில் வரும் ஆனால். ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முதலில் வரும். தமிழில் நிபந்தனையைச் சொல்லிவிட்டுப் பிறகுதான் ‘ஆனால்’ என்போம். எழிலும் அந்த வரிசையையே பின்பற்றுகிறது.

‘வரை’ என்பது ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவு இருக்கும் வரை தறி ஓடும், தீர்ந்தால் நிற்கும். நிரலிலும் அடைப்புக்குள் இருக்கும் நிபந்தனை உண்மையாக இருக்கும் வரை வேலை தொடரும். ஒவ்வொரு சுற்றிலும் பாவு சிறிது குறைவதுபோல, நிரலிலும் ஏதேனும் ஓர் எண் மாற வேண்டும். மாறாவிட்டால் நிரல் நிற்கவே நிற்காது.

தமிழில் தட்டச்சு செய்வது கடினமா?

முதல் வாரம் கடினமாகத்தான் இருக்கும். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகுவது நல்லது. மின்னஞ்சல் எழுதவும் கட்டுரை எழுதவும் அது பயன்படும் என்பதால் இந்த உழைப்பு வீண் போகாது.

எழிலை நிறுவும் முன், அது எந்தப் பைத்தான் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு குழுவினர் பராமரிக்கும் மென்பொருள்கள் புதிய பதிப்புகளில் ஓடாமல் போவதுண்டு. முடிந்தால் அறிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு நிறுவலாம்.

எழில் படித்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்காது. இதை மாணவரிடமும் பெற்றோரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எழில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட மொழி. கேள்வி கேட்டால் விடை சொல்ல ஆட்கள் குறைவு. எடுத்துக்காட்டு நிரல்களும் குறைவு. தேர்விலும் எழிலில் எழுத முடியாது.

தாய்மொழி நிரல்மொழிகள் எங்குமே தொழிலுக்கு உதவாதவை என்றும் சொல்ல முடியாது. ரஷ்யாவில் பெருவாரியாகப் பயன்படும் ‘1சி’ என்னும் கணக்கியல் மென்பொருளின் உள்மொழியை ரஷ்யச் சொற்களிலேயே எழுதுகின்றனர். அங்கே நிறுவனங்கள் அதை நாள்தோறும் பயன்படுத்துகின்றன. தமிழில் அந்த நிலை இன்னும் வரவில்லை.

எப்போது பைத்தானுக்கு மாறலாம்?

நிபந்தனை, சுழற்சி, நிரல்பாகம் ஆகிய மூன்றையும் பயன்படுத்திச் சொந்தமாகச் சில நிரல்கள் எழுதியதும் மாறிவிடலாம். சொற்களின் இணை வருமாறு:

பதிப்பி – பிரிண்ட்
ஆனால் – இஃப்
இல்லை – எல்ஸ்
வரை – வைல்
நிரல்பாகம் – டெஃப்
பின்கொடு – ரிட்டர்ன்

பைத்தானில் ‘முடி’ கிடையாது. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே ஒரு பகுதி எங்கே முடிகிறது என்பதைக் காட்டும். எழிலிலிருந்து வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

மேலே சொன்ன மாணவி எழிலில் இருந்தது மூன்று வாரமே. முதலில் எழுதியது வீட்டுப் பால் கணக்கு. பிறகு பைத்தானில் அதே கணக்கைத் தாமாகவே எழுதினார். இடைவெளி விடாமல் இரண்டு முறை பிழை வந்தது. பிழை எந்த வரியில் என்று அவரே கண்டுபிடித்தார். புத்தகத்தில் இல்லாத நிரல் அது.

எழிலால் வேறு பயன் உண்டா?

உண்டு. எழிலுக்காகச் செய்த வேலையிலிருந்து ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பைத்தான் நிரல்தொகுப்பு வளர்ந்தது. ‘பால்கோவா’ என்னும் சொல்லில் நமக்குத் தெரிவது பா, ல், கோ, வா என நான்கு எழுத்துகள். ஒருங்குறி முறையில் கணினி அதை எட்டுக் குறிகளாகச் சேமிக்கிறது. பைத்தானில் நீளம் கேட்டால் எட்டு என்றே சொல்லும். ஓப்பன் தமிழ் அதை நான்கு எழுத்தாகச் சரியாகப் பிரித்துத் தரும். சொல் விளையாட்டு, எழுத்துப்பிழை திருத்தி போன்றவற்றைத் தமிழில் உருவாக்க இது தேவை. எழிலில் தொடங்கிப் பைத்தானுக்குச் சென்ற மாணவர் அடுத்துச் செய்து பார்க்க ஏற்ற வேலை இது.