கூட்டத்தை விட்டுப் பிரியாத கழுகுக் கினிக்கோழி

கினிக்கோழி என்றதும், சாம்பல் நிற உடலில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட பண்ணைப் பறவையே பலரின் நினைவுக்கு வரும். அதே குடும்பத்தைச் சேர்ந்த கழுகுக் கினிக்கோழி, ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் அழகிய பறவை. கினிக்கோழி இனங்களிலேயே மிகப் பெரியதும் இதுதான். இதன் நீளம் 60 முதல் 70 சென்டிமீட்டர் வரை இருக்கும்.

தலையிலும் கழுத்திலும் இறகுகள் இல்லாததால் பார்ப்பதற்குப் பிணந்தின்னிக் கழுகு போல் தோன்றும். பெயர்க் காரணமும் அதுவே. பிடரியில் பழுப்பு நிற மென்தூவி, சிவந்த கண்கள், பளிச்சிடும் நீல மார்பு, கழுத்திலிருந்து தொங்கும் நீல, வெள்ளைக் கோடுகள் கொண்ட நீண்ட இறகுகள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, தான்சானியாவின் வட பகுதி ஆகிய இடங்களில், முட்புதர்கள் நிறைந்த வறண்ட நிலங்களில் இவை வாழ்கின்றன. விதைகள், தளிர்கள், பூச்சிகள் ஆகியவை இவற்றின் உணவு. தண்ணீர் கிடைக்காவிட்டாலும் தீனியிலுள்ள ஈரப்பதத்தைக் கொண்டு தாக்குப்பிடிக்கும். ஆபத்து வந்தால் பறப்பதைவிட ஓடித் தப்பவே முயலும். இரவில் மரங்களில் அடையும். தரையில் புல் மறைவில் முட்டையிடும்.

கென்யாவின் ம்பாலா ஆய்வு மையப் பகுதியில் 400க்கும் மேற்பட்ட பறவைகளை ஆய்வாளர்கள் கண்காணித்தனர். அவை 18 தனித்தனிக் குழுக்களாக வாழ்வதும், சில குழுக்கள் தமக்கு வேண்டிய குழுக்களுடன் மட்டும் கூடிப் பழகுவதும், பின்னர் ஆள் மாறாமல் பிரிந்து செல்வதும் தெரிய வந்தது. இத்தகைய பல அடுக்குச் சமூகம் பெரிய மூளை கொண்ட பாலூட்டிகளுக்கே உரியது எனக் கருதப்பட்டு வந்தது. பறவையினத்தில் அது முதன்முறையாகக் கண்டறியப்பட்டதாக 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவித்தது.

அடுத்த ஆண்டு மற்றொரு தகவலும் வெளியானது. நல்ல தீனி கிடைக்கும் இடத்தை வலிமையான பறவைகள் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும்போது, விரட்டப்பட்டவை வேறு இடம் நோக்கி நகரத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றாகப் பல பறவைகள் அவற்றுடன் சேர்ந்துகொள்ள, தனித்துவிடப்படும் வலிய பறவைகளும் தீனியை விட்டுவிட்டுப் பின்தொடர வேண்டியதாகிறது. கொன்றுண்ணிகள் திரியும் காட்டில் தனியே நிற்பது உயிருக்கே ஆபத்து என்பதால், வலியவையும் எளியவற்றின் முடிவுக்குக் கட்டுப்படுகின்றன.