அழிவிலா ஆட்டமும் அதன் மாசும்

சதுரங்கம் என்னும் சொல் நான்கு உறுப்பு எனப் பொருள்படும். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையைக் குறித்த அப்பெயரையே ஆட்டமும் பெற்றது. படையின் வலிமை எண்ணிக்கையிலா, நிற்கும் இடத்திலா உள்ளது என்று மாணாக்கர் வினவின், யான் விடையாகக் காட்டுவது 1851 ஆம் ஆண்டு யூன் 21 ஆம் நாள் இலண்டனில் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தையே.

அவ்வாண்டு அந்நகரில் உலகப் பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. அதனையொட்டிப் பல நாட்டு வல்லுநரும் கூடிய சதுரங்கப் போட்டியில் வாகை சூடியவர் அடோல்வ் அண்டர்சென். அவர் பிரசியாவின் பிரெஸ்லோ நகரில் கணிதம் கற்பித்த ஆசிரியர். அவரை எதிர்த்த லயனல் கீசெரிட்ஸ்கியும் முன்னர்க் கணிதம் கற்பித்தவரே. பின்னர்ப் பாரிசிற் குடியேறிச் சதுரங்கத்தையே வாழ்வாகக் கொண்டார். ஈண்டு நோக்கும் ஆட்டம், போட்டிக்குப் புறம்பாக இருவரும் பொழுதுபோக்காய் ஆடியது.

வெண்படை அண்டர்செனுடையது. 11 ஆம் நகர்விலேயே மந்திரியொன்றை இழக்கத் துணிந்து, அரசன் பக்கத்து யானையை அவர் இடம் மாற்றினார். 18 ஆம் நகர்வில் எஞ்சிய மந்திரியை முன்செலுத்தி, யானைகள் இரண்டையும் பகைவர் கைக்கு விட்டார். ஒரு யானை வீழ்ந்தது. மற்றதைக் காவாது, நடுவிலிருந்த காலாளை ஒரு கட்டம் முன்னே தள்ளினார். இந்நகர்வே ஆட்டத்தின் உயிர். யானையைக் கவர மூலைக்குச் சென்ற கரிய அரசிக்கும், அவள் காக்கவேண்டிய தன் அரசனுக்கும் இடையே அச்சிறு காலாள் மதிலாய் நின்றது.

பின்னர் வெண்குதிரை பாய, கரிய அரசன் ஒரு கட்டம் ஒதுங்கினான். அவனுக்கு முன்னுள்ள கட்டத்தைக் கரிய குதிரையொன்று காத்துநின்றது. அதனை அகற்றும்பொருட்டு அண்டர்சென் தம் அரசியையே அதற்கு இரையாக்கினார். குதிரை அரசியைக் கவர்ந்தது. காவல் நீங்கிய கட்டத்தில் மந்திரி வந்தமர, 23 ஆம் நகர்வில் இறுதி முற்றுகை விழுந்ததென்று ஆட்டத்தைக் காட்டுவர்.

கணக்கிட்டுப் பார்ப்போம். வெண்படை இழந்தவை அரசி, யானை இரண்டு, மந்திரி ஒன்று, காலாள் இரண்டு. கரும்படை இழந்தவை காலாள் மூன்றே. ஆயினும் அதன் யானைகள் இரண்டும் மந்திரியொன்றும் தொடக்கத்தில் நின்ற இடத்தைவிட்டு அசையவேயில்லை. வெண்படையிலோ, முற்றுகையிட்ட இரு குதிரையும் ஒரு மந்திரியும் ஒன்றையொன்று தழுவி நின்றன. ஒரு குதிரை மந்திரியைக் காத்தது. மற்றது அரசன் பின்வாங்கும் வழியை அடைத்தது. செய்யுளில் ஒரு சீரை எடுத்தால் ஓசை கெடுவதுபோல, அம்மூன்றில் ஒன்றை எடுத்தால் முற்றுகை குலையும்.

இவ்வாட்டம் குற்றமற்றதோவெனின், அன்று. யானைகளைக் கைவிட்ட அந்த 18 ஆம் நகர்வு மிகச் சிறந்ததன்று. கருமையின் அரசி மூலையிலிருந்த யானையை முதலிற் கவர்ந்து உடனே மீண்டிருப்பின் போர் நீண்டிருக்கும் என்று, பின்னாளில் உலக வாகையரான ஸ்ரைனிற்ஸ் காட்டினார். வெண்மைக்கு அதனினும் வலிய நகர்வுகள் இருந்தமையை இக்காலக் கணினிகளும் மெய்ப்பித்துள்ளன. அதனால் இவ்வாட்டத்தின் புகழ் வெறும் ஆரவாரம் என்பாரும் உளர். யான் அதற்கு உடன்படேன். மாசு கண்டபின்னும் அந்தக் காலாளின் ஓரடியும், மூன்று காய்களின் இசைவும் குன்றாது நிற்கின்றன. குற்றத்தை மறைத்துப் புகழ்வதும், குற்றம் ஒன்றையே நோக்கி இகழ்வதும் நல்லாசிரியர்க்கு ஆகா.

மற்றொன்றும் கூறவேண்டும். இவ்வாட்டத்தை 1851 யூலையில் தம் 'லா ரெஜான்ஸ்' இதழில் அச்சிட்டு உலகறியச் செய்தவர், தோற்ற கீசெரிட்ஸ்கியே. ஈராண்டில் அவர் மறைந்தார். 1855 இல் பல்க்பேர் என்பவர் இதற்கு 'அழிவிலா ஆட்டம்' எனப் பெயரிட்டார். வென்றவரின் திறத்தோடு தோற்றவரின் பெருந்தன்மையும் சேர்ந்தே அப்பெயரை நிலைபெறச் செய்தன என்பது என் துணிபு.