எந்த நாட்டு நூலகம் எதை இலவசமாகத் தருகிறது?

சென்ற மாதம் ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் பழைய சித்த மருத்துவ நூல் ஒன்றைத் தேடியிருக்கிறார். ஏதோ ஒரு வெப்சைட் 400 ரூபாய் கேட்க, கட்டிவிட்டார். அதே நூல் தமிழ் மின்னூலகத்தில் இலவசமாகவே இருந்தது. "உன்னை முதலிலேயே கேட்டிருக்கலாம்" என்று வருத்தப்பட்டார். உங்களுக்கு அந்த வருத்தம் வேண்டாம்.

நூலக வெப்சைட்டுகள் பொதுவாக மூன்று சேவைகளைத் தருகின்றன.

1. கேட்லாக்: இது நூல்களின் பட்டியல் மட்டுமே. 1800ல் தொடங்கிய அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கேட்லாக்கில் லாகின் இல்லாமலே யாரும் தேடலாம். நூலின் பெயர் வந்துவிட்டது என்பதற்காக நூலே திரையில் வரும் என்று எண்ண வேண்டாம்.

2. ஸ்கேன் செய்த நூல்கள்: பக்கங்களையே படிக்கலாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2009ல் தொடங்கிய 'ட்ரோவ்' தளத்தில் பழைய செய்தித்தாள்கள் உள்ளன. கம்ப்யூட்டர் தவறாகப் படித்த எழுத்துகளை வாசகர்களே அங்கு திருத்தலாம். நம் தமிழ் மின்னூலகத்தை நடத்துவது தமிழ் இணையக் கல்விக்கழகம். இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 2005ல் தொடங்கிய 'நூலகம்' தளம் உள்ளது.

3. இ-புக் இரவல்: இது உறுப்பினர்களுக்கு மட்டும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தில் அந்நாட்டுக் குடிமக்கள் இலவசமாக உறுப்பினராகி, வீட்டிலிருந்தே இ-புக் எடுக்கலாம். கெடு முடிந்ததும் அது தானாக மூடிக்கொள்ளும். அபராதம் கிடையாது.

நாட்டுக்கு நாடு ஏன் இந்த வித்தியாசம்? முக்கியக் காரணம் காப்புரிமைச் சட்டம். இந்தியாவில் ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. அமெரிக்காவில் பழைய நூல்கள் பலவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். ஆகவே, ஒரே நூல் ஓரிடத்தில் முழுதாகவும், இன்னோரிடத்தில் தலைப்பாக மட்டும் கிடைக்கலாம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் 60 ஆண்டுகள் காத்திருக்காமலே பொதுவுக்கு வந்துவிடுகின்றன.

பணம் கட்டுமுன் இதைச் செய்யுங்கள். நூலின் பெயரைத் தமிழில் டைப் செய்து தமிழ் மின்னூலகத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆசிரியர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்து, காரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய இந்திய தேசிய டிஜிட்டல் நூலகத்தில் தேடலாம். அங்கும் இல்லை என்றால் 'வேர்ல்ட்கேட்' தளத்துக்குப் போங்கள். எந்த நாட்டில் எந்த நூலகத்தில் பிரதி இருக்கிறது என்று அது காட்டும்.

இப்போது அப்பா இந்த வரிசையில்தான் தேடுகிறார். அதன் பிறகு பணம் கட்டியதாக போன் வரவில்லை.