மாத்திரையோடு சேரும் வைட்டமின்

மனச்சிதைவு நோயில் இல்லாத குரல்கள் காதில் கேட்கும்; யாரோ தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்பிக்கை வேரூன்றும். இவற்றை டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் செயலைத் தடுக்கும் மருந்துகள் பெருமளவு அடக்கிவிடுகின்றன. ஆனால் பேச்சு குறைவது, முகம் உணர்ச்சியற்றுப் போவது, குளிக்கக்கூட மனமில்லாமல் முடங்கிக் கிடப்பது போன்ற எதிர்மறை அறிகுறிகள் அந்த மருந்துகளுக்கு எளிதில் அசைவதில்லை. நோயாளியின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் ஆண்டுக்கணக்கில் வாட்டுபவை இவையே. மருந்துடன் வேறு எதைச் சேர்க்கலாம் என்ற தேடலுக்கு இந்தக் குறை ஒரு முக்கியக் காரணம்.

வைட்டமின் மீது கண் விழுந்ததற்கு முன்னுதாரணம் உண்டு. நியாசின் என்னும் பி3 குறைவதால் வரும் பெல்லக்ரா நோய், தோலையும் குடலையும் கெடுப்பதோடு மனத்தையும் கலங்கடிக்கும். நியாசின் கொடுத்தால் தெளிவு திரும்பும். 1950-களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஏப்ரம் ஹாஃபர், ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர்கள் மனச்சிதைவுக்கும் நியாசினை கிராம் கணக்கில் கொடுத்துப் பார்த்தனர். 1968-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் இந்தப் போக்கை ஆதரித்து எழுதினார். நோபல் பரிசு பெற்றவரின் பெயர் சேர்ந்ததும் ஆதரவு பெருகியது; சான்று பெருகவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு 1973-இல் இந்தச் சிகிச்சைக்கு ஆதாரமில்லை என்று அறிவித்தது.

பின்னாளில் ஆய்வாளர்களின் கவனம் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் பக்கம் திரும்பியது. ஃபோலேட்டும் பி12-உம் அதை மெத்தியோனினாக மாற்றுகின்றன. பி6 அதை வேறு வழியில் சிதைக்க உதவுகிறது. இந்த வைட்டமின்கள் குறைந்தால் அது ரத்தத்தில் தேங்கும். மனச்சிதைவு நோயாளிகள் பலரிடம் அதன் அளவு கூடுதலாக இருப்பது தெரிந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் மூன்று வைட்டமின்களையும் கொடுத்த இஸ்ரேலிய ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. அதில் ஹோமோசிஸ்டீனும் இறங்கியது, அறிகுறிகளும் தணிந்தன.

2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னும் நுட்பமானது. 140 பேர் 16 வாரம் பங்கேற்றனர். வைட்டமின் பிரிவினர் வழக்கமான மருந்துடன் ஃபோலேட்டும் பி12-உம் எடுத்துக்கொண்டனர். மொத்தமாகப் பார்த்தால் பலன் தெளிவாக இல்லை. ஃபோலேட்டை உடல் உறிஞ்சுவதில் பங்குள்ள மரபணுவின் வகையைக் கணக்கில் எடுத்தபோதுதான் எதிர்மறை அறிகுறிகளில் முன்னேற்றம் புலப்பட்டது. எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்ற அணுகுமுறையின் குறை இங்கே பளிச்சென்று தெரிகிறது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் 832 நோயாளிகள் இடம்பெற்ற 18 ஆய்வுகளைத் தொகுத்த அலசல் 2017-இல் வந்தது. அதிக அளவில், அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பி வைட்டமின்களைச் சேர்த்துக் கொடுத்தபோது அறிகுறிகளின் மொத்தக் கடுமை குறைந்தது. நோய் தொடங்கி அதிக காலம் ஆகாதவர்களிடம் பலன் கூடுதல். ஆனால் அந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

இந்த ஆய்வுகளில் பங்கேற்றோர் மருந்தை நிறுத்தியவர்கள் அல்லர். மருந்தை விட்டுவிட்டு வைட்டமினை மட்டும் நம்புவது நோய் திரும்பக் கதவைத் திறந்துவிடும். பி6-ஐ மிகுந்த அளவில் நீண்ட நாள் விழுங்கினால் நரம்பு கெட்டுக் கைகால் மரத்துப்போகும். பி12 குறைபாட்டைக் கவனிக்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை மறைந்து, நரம்புச் சேதம் சத்தமின்றி வளரும். அதனால் ரத்தப் பரிசோதனை முதலில், அளவு மருத்துவர் சொல்படி.